களத்துமேட்டில் விழுந்த கையெழுத்து

1763 பிப்ரவரி 10 அன்று பாரீஸில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. அந்தக் காகிதத்தின் 11-வது விதி, திருவேற்காடும் பூந்தமல்லியும் இனி யாருக்கு நெல் அளக்க வேண்டும் என்பதற்கு வழி திறந்துவிட்டது.

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் திருவேற்காடு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தத் திருப்பத்திலேயே வண்டிகள் நின்றுவிடும். மஞ்சள் புடவைகள், வேப்பிலை, பால்குடம், தூக்குச்சட்டியில் கூழ் என்று கருமாரியம்மனைப் பார்க்க வருகிற கூட்டம் சாலையை நிறைத்துவிடும். அதே ஊரில், அந்த நெரிசல் எட்டாத அமைதியில் வேதபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊரும் இதுவே. வந்த அடியாருக்கெல்லாம் சோறு போட்டே சொத்தைத் தீர்த்தவர் அவர். பிறகு சூதாடி ஜெயித்த பணத்தையும் அன்னதானத்துக்கே கொடுத்தவர். அப்படிச் சோறு போடும் அளவுக்கு இந்த ஊரைச் சுற்றி நெல் விளைந்திருக்கிறது. ஊரைத் தொட்டுக்கொண்டு கூவம் ஓடுகிறது. கோலடி ஏரியும் அயனம்பாக்கம் ஏரியும் அருகிலேயே இருக்கின்றன. அடுக்குமாடிகளுக்கு நடுவே நின்று பார்த்தால் இன்று நம்பக் கஷ்டம்தான். ஆனாலும் இது ஏரியை நம்பி நெல் விளைந்த நாடு.

அந்த நெல் அறுவடையாகிக் களத்தில் அம்பாரமாகக் குவிந்ததும் எழுகிற முதல் கேள்வி, மரக்காலை யார் கையில் கொடுப்பது, முதல் பங்கு யாருக்கு என்பதுதான். அரசியல் என்பதே அந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சோழர் காலத்திலிருந்து விஜயநகரம், கோல்கொண்டா, முகலாயர், ஆற்காட்டு நவாப் என்று ஆட்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். கடைசியாக அந்த இடத்துக்கு வந்தது லண்டனில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு வியாபாரக் கம்பெனி. அது வந்ததற்குக் காரணம் வந்தவாசிச் சண்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சண்டை பாதிக் கதைதான். மீதிக் கதை உடன்படிக்கையில் இருக்கிறது.

பூந்தமல்லியை நம்பியிருந்த கோட்டை

சென்னைக் கோட்டையின் கதையே பூந்தமல்லியைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. 1639-ல் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் ஒரு மணல் திட்டைக் கேட்டு வந்தபோது, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் வந்தவாசியிலிருந்து ஆண்டார். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து இந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். இங்கிலீஷ்காரர்களோடு பேச்சு நடந்ததில் ஐயப்பருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த சில ஆண்டுகளிலேயே கோல்கொண்டாவின் படை வந்தது. பூந்தமல்லி அவர்களுடைய அதிகாரிகள் உட்காரும் இடமானது.

கோட்டைக்குள் பீரங்கி இருந்தது, வெள்ளி இருந்தது, கப்பலும் வந்துபோனது. நெல் மட்டும் கோட்டைக்குள் விளையவில்லை. அரிசி, விறகு, துணி எல்லாமே மேற்கிலிருந்து, பூந்தமல்லி வழியாகத்தான் வந்தாக வேண்டும். 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூந்தமல்லியில் கோல்கொண்டாவின் அதிகாரியாக இருந்த லிங்கப்பா கம்பெனியிடம் பணம் கேட்டார். கொடுக்காதபோது பட்டணத்துக்குப் போகும் சரக்கை மறித்தார். கோட்டையின் ஆலோசனை மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திக்கும் பயந்துகொண்டிருந்தார்கள். அந்த நூற்றாண்டில் அதிகாரம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பூந்தமல்லி கட்டளை இட்டது. சென்னை நயந்து பேசியது.

எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் இது தலைகீழானது. எப்படி என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு சமாதான உடன்படிக்கைகளைப் பார்க்க வேண்டும். முதலாவது 1748-ல் ஏ-லா-ஷப்பேல் என்ற ஊரில் கையெழுத்தானது. அது இன்று ஜெர்மனியில் ஆஹன் என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாவது 1763-ல் பாரீஸில் கையெழுத்தானது. இரண்டிலும் நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட உட்காரவில்லை.

அடகு நகை போல ஒரு பட்டணம்

ஐரோப்பாவில் ஆஸ்திரிய மன்னர் பட்டத்தை யார் வாங்குவது என்று ஆரம்பித்த சண்டை, 1746-ல் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து சென்னைப்பட்டணத்தைப் பிடித்தார். பிணைத்தொகை வாங்கிக்கொண்டு பட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக அவர் வாக்களித்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் சண்டையிட்டுக்கொண்டிருந்த அக்டோபரில் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களை உடைத்தது. அவர் போனார், பட்டணம் டூப்ளேயின் கையில் நின்றது. சென்னையின் கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ் புதுச்சேரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார்.

இந்த இடத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தலையிட்டார். தன் நாட்டுக்குள் இரண்டு வியாபாரிகள் அடித்துக்கொள்வதை அவர் எப்படிப் பொறுப்பார்? மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றுக் கரையில் பாரடி என்ற பிரெஞ்சுத் தளபதியின் கீழ் சுமார் 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் நின்றார்கள். எதிரே ஏறத்தாழ 10,000 பேர். ஆற்றைக் கடந்து, வரிசையாக நின்று, இடைவிடாமல் சுட்டுக்கொண்டே முன்னேறிய அந்தச் சிறு படை நவாபின் படையைக் கலைத்துவிட்டது. சில மணி நேரத்தில் முடிந்த சண்டை அது. ஆனால் பூந்தமல்லியிலும் ஆற்காட்டிலும் உட்கார்ந்து வெள்ளைக்காரனை மிரட்டிய காலம் அந்த மணலில்தான் முடிந்தது. இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளும் ஒரே பாடத்தைக் கற்றன. நவாபின் குதிரைப்படையைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒருவர் தமிழில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் நம் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரிக்குப் போய், டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். 1736-லிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் இந்தக் காலத்தை நாம் முழுக்க வெள்ளைக்காரர்களின் கடிதங்கள் வழியாகவே பார்த்திருப்போம். வியாபாரக் கணக்கும் வதந்தியும் ஜோசியமும் அரசியலும் கலந்த அந்த எழுத்தில், பேரரசுகள் மோதுவதை ஒரு தமிழர் பக்கத்தில் நின்று பார்ப்பது தெரிகிறது. பிறந்த ஊர் பறிபோனதை, பறித்தவர்களின் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

சென்னை மூன்று ஆண்டு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இங்கிலீஷ் கப்பற்படைத் தளபதி பொஸ்காவன் 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். களத்தில் வென்றவர் டூப்ளே. இந்தச் சமயத்தில்தான் ஏ-லா-ஷப்பேலில் சமாதானம் ஆனது. பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். வட அமெரிக்காவில் கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிஸ்பர்க் கோட்டையை 1745-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்திருந்தார்கள். பிரான்சுக்கு அது வேண்டும். அதற்குப் பதிலாகச் சென்னை. மீன்பிடி வளத்துக்குக் காவலான ஒரு பனித் துறைமுகமும் துணி வியாபாரத்துக்கான ஒரு மணல் துறைமுகமும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. 1749-ல் சென்னைப்பட்டணம் மீட்ட நகை போலத் திரும்பி வந்தது. லூயிஸ்பர்க்கைப் பிடித்த நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்கும் தாங்கமுடியாத ஆத்திரம். புதுச்சேரியில் டூப்ளேவுக்கும் அதே ஆத்திரம்தான்.

அந்த உடன்படிக்கை எதையும் தீர்க்கவில்லை. நேரடியாக அடித்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் சொன்னது. அதனால் இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டன. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப்பை நவாப் என்றார்கள். அன்வருத்தீனின் இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். இங்கிலீஷ்காரர்கள் அவரை நவாப் என்றார்கள். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கியது 1751. சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது 1752. டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டது 1754. இவை பாடப்புத்தகத்தில் விரிவாக இருப்பவை.

1756-ல் ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் தொடங்கியது. பிரான்சிலிருந்து வந்த லாலி 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை சென்னையை முற்றுகையிட்டார். கோட்டை விழவில்லை. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் இங்கிலீஷ் தளபதி எயர் கூட் லாலியைத் தோற்கடித்தார். பிறகு புதுச்சேரி மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து, உணவின்றித் தவித்து, 1761 ஜனவரி 16 அன்று சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பு, ஜனவரி 12 அன்று இறந்துபோனார். இங்கிலீஷ்காரர்கள் நகரத்தின் கோட்டையையும் மதில்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

11-வது விதி

இடித்தது இடித்ததுதான். ஆனால் இடித்த இடம் யாருக்குச் சொந்தம் என்பது பாரீஸில்தான் முடிவாக வேண்டும்.

அங்கே பேசப்பட்டது முக்கியமாக கனடா, கரீபியன் சர்க்கரைத் தீவுகள், மீன்பிடி உரிமை பற்றித்தான். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு விதி, பதினொன்றாவது. அதைப் பொறுமையாகப் படித்தால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாட்டைத் திருப்பிப் போடுவது தெரியும்.

முதலில், 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் எந்தெந்த வியாபாரத் தலங்கள் இருந்தனவோ அவை திரும்பக் கொடுக்கப்படும். இதைக் கேட்டால் தாராளமாகத் தெரியும். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் திரும்ப வந்தன. ஆனால் 1749 என்ற ஆண்டைப் பாருங்கள். டூப்ளே நவாபுகளை உருவாக்கி, தக்காணம் வரை செல்வாக்கைப் பரப்பிய காலம் முழுவதும் அந்தத் தேதிக்குப் பிற்பட்டது. அதற்குப் பின் பெற்றதையெல்லாம் பிரான்ஸ் துறந்தது. வங்காளத்தில் கோட்டை கட்டவோ படை வைக்கவோ கூடாது என்றும் எழுதப்பட்டது. கடையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு வரைபடத்துக்குள் புதுச்சேரியும் காரைக்காலும் இன்று தனியாக நிற்கின்றன, மாகே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் கிடக்கின்றன. ஒரே யூனியன் பிரதேசம் இப்படி நான்கு துண்டாகச் சிதறிக் கிடப்பதற்கு இந்த விதியிலும் ஒரு வேர் இருக்கிறது.

அடுத்த வாக்கியம்தான் நம் கதைக்கு உயிர். முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாபாகவும், சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டபூர்வமான சுபேதாராகவும் இரு அரசுகளும் ஏற்றுக்கொள்கின்றன என்று அதில் எழுதினார்கள். டெல்லியில் பாதுஷா இருக்கிறார். ஹைதராபாத்தில் நிஜாம் இருக்கிறார். நவாப் யார் என்று சொல்லும் உரிமை, முறைப்படி, இந்த இருவருக்கும்தான். அதை பாரீஸில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்கும் அதே வாக்கியம் சாட்சி. அவர்கள் சட்டபூர்வமானவர் என்று எழுதிய சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762-லேயே பதவியிலிருந்து இறக்கி பீதரில் சிறைவைத்துவிட்டார். செய்தி கப்பலில் போய்ச் சேர மாதங்கள் ஆகும். சிறையில் இருந்த மனிதருக்குப் பாரீஸில் முடிசூட்டினார்கள். 1763 செப்டம்பரில் அவர் சிறையிலேயே இறந்தார்.

முகமது அலிக்கோ அந்த வாக்கியம் வரமாக வந்தது. திருச்சிக் கோட்டையில் ஒளிந்திருந்தவர், இப்போது இரண்டு ஐரோப்பிய மன்னர்கள் ஒப்புக்கொண்ட அரசர். தன்னை இங்கிலாந்து மன்னருக்கு நிகரானவராகவே அவர் நினைக்கத் தொடங்கினார். அந்த நினைப்புக்கு ஆதாரமும் கிடைத்தது. 1770-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தூதராக சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்து, மன்னரின் கடிதத்தை நேரே நவாபிடம் கொடுத்தார். அவர் அப்படி வருவதற்குச் சொல்லப்பட்ட காரணமே இந்த 11-வது விதிதான். கம்பெனியின் சென்னை கவுன்சிலுக்கு அது பிடிக்கவே இல்லை.

பெயர் அவருக்கு, கணக்கு கம்பெனிக்கு. இத்தனை ஆண்டு சண்டையும் யாருக்காக? நவாபுக்காக என்றது கம்பெனி. அப்படியானால் செலவு யாருடையது? உடன்படிக்கை அவரைச் சட்டபூர்வமான நவாப் ஆக்கியதும், போர்க்கடனும் சட்டபூர்வமாக அவர் தலையில் விழுந்தது. கவர்னர் ஜார்ஜ் பிகாட் பணத்தைக் கேட்டு நெருக்கினார். பணம் இல்லாவிட்டால் நிலம். 1763 அக்டோபரில், பாரீஸ் கையெழுத்தாகி எட்டு மாதத்தில், செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார் முகமது அலி. 1765-ல் முகலாய பாதுஷா ஷா ஆலமிடமிருந்து அதற்கு உறுதிச் சன்னதும் வாங்கப்பட்டது. சென்னையைச் சுற்றி, காஞ்சிபுரத்தையும் செங்கல்பட்டையும் உள்ளடக்கி, ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்கள். பூந்தமல்லி வட்டாரமும் அதற்குள்தான்.

லிங்கப்பா நெல்லை மறித்த பூந்தமல்லி, நெல் அளக்கும் பூந்தமல்லி ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜாகீரைக் கொடுத்த நவாப் அதையே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். 1780 வரை அப்படித்தான் நடந்தது. தன் நாட்டில் தானே குத்தகைதாரர். குத்தகைப் பணம் கட்டக் கடன், கடனுக்கு வட்டி, வட்டி கட்ட இன்னொரு கடன். கம்பெனியின் ஊழியர்களே அவருக்குத் தனியாகக் கடன் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்டு அவர்களில் பேர்போனவர். வட்டிக்கு ஈடாகக் கிராமங்களின் வரி வருமானத்தை எழுதி வாங்கினார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி மட்டுமே மணிக்கணக்கில் பேசும் அளவுக்கு அது ஊழலாகப் பழுத்தது. 1768-ல் சேப்பாக்கத்தில் நவாப் அரண்மனை எழுப்பிக் குடியேறினார். கோட்டையின் பீரங்கிக்கு எட்டும் தூரம் அது. 1801-ல் அவருடைய வம்சத்தின் ஆட்சியைக் கம்பெனி ஒரு உடன்படிக்கையாலேயே முடித்துவைத்தது.

சுதந்திரம் என்றால் நெல்

கம்பெனிக்கு நிலம் கிடைத்ததும் அதன் மதிப்பு தெரிய வேண்டியிருந்தது. 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் ஜாகீர் கிராமங்களை அளந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை காணி நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, எவ்வளவு விளைச்சல், அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஊர்ஊராக எழுதினார்கள். கணக்குப்பிள்ளைகள் ஓலையில் கொடுத்த கணக்குதான் அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டின் பழைய கிராமத்தை அதன் சொந்தச் சொற்களில் பார்க்க இதற்கு இணையான ஆவணம் வேறில்லை என்பேன்.

அந்தக் கணக்குகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் சுதந்திரம். இன்று அந்தச் சொல்லுக்கு நமக்கு ஆகஸ்ட் 15 மட்டும்தான் ஞாபகம் வரும். அன்று களத்துமேட்டில் அதற்குப் பொருள் வேறு. குவியலிலிருந்து, அரசாங்கம் மேல்வாரம் எடுப்பதற்கும் உழுதவர் குடிவாரம் எடுப்பதற்கும் முன்பே, ஊருக்கு உழைப்பவர்களுக்கு அளந்து கொடுக்கப்படும் உரிமைப் பங்குதான் சுதந்திரம். மேரை என்றும் சொல்வார்கள். கோயிலுக்கு ஒரு பங்கு. கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு. தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு. வைத்தியருக்கும் பள்ளி உபாத்தியாயருக்கும். ஏரிக்கரை பராமரிப்புக்கு. காவல் காக்கும் பாளையக்காரருக்கு. பக்கீருக்கும் உண்டு. இது தவிர, வரியில்லாமல் அனுபவிக்க மானிய நிலங்கள் இருந்தன. ராஜா யாராக இருந்தாலும் முதல் மரக்கால் ஊருக்கு. மீதியில்தான் ராஜா கை வைக்கலாம்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் களத்தில் நெல்லை அடித்துக் குவித்த பறையர் சமூகத்துப் படியாட்களுக்குக் கையளவு படி இருந்தது, காணி இல்லை. காணியாட்சி, அதாவது மிராசு, பெரும்பாலும் வேளாளரிடமும் பிராமணரிடமும்தான். ஊரின் பங்கு என்று சொல்லும்போது சேரியின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் கடந்துபோகக் கூடாது.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். கோல்கொண்டாக்காரரும் நவாபும் மேல்வாரத்தை அதிகம் கேட்டார்கள், சில சமயம் அடித்துப் பிடுங்கினார்கள். குவியலைப் பங்கிடும் முறையை அவர்கள் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கம்பெனிக்கு ஆண்டுதோறும் பணமாக, தவறாமல், முன்கூட்டியே தெரிந்த ஒரு தொகை வேண்டும். கடல் கடந்து கணக்குக் காட்டும் முதலாளிகள் அவர்கள். அவர்கள் கண்ணுக்கு ஊரார் பங்கெல்லாம் வருமானத்தில் விழும் ஓட்டை. அடுத்தடுத்த கலெக்டர்கள் அதை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள்.

அதற்குள் இன்னொரு பேரிடி. 1769-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி குதிரைப்படையோடு பரங்கிமலை வரை வந்து நின்று, கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று சென்னையில் எழுதிக் கொடுத்த கம்பெனி, மராட்டியர் அவரைத் தாக்கியபோது உதவவில்லை. அந்தக் கோபத்தோடு 1780-ல் அவர் மறுபடி வந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை ஒன்று நசுக்கப்பட்டது. ஜாகீர் முழுக்க எரிந்தது. ஊர்களை விட்டு ஜனங்கள் சென்னைக் கோட்டைப் பக்கம் ஓடினார்கள். பஞ்சம் வந்தது. பர்னார்டு எழுதிவைத்த வீடுகளில் எத்தனை வீடு மிஞ்சியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பூந்தமல்லி மனு

1790-களின் நடுவில் ஜாகீருக்குக் கலெக்டராக வந்தார் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையில் வரும் வெள்ளைக்காரத் துரை இவர்தான். ஏரிகளைச் செப்பனிட்டவர், கோயில் திருவிழாக்களில் ஆர்வம் காட்டியவர் என்று நல்ல பெயர் உண்டு. வரி விஷயத்தில் அவர் இளகவில்லை. பூந்தமல்லிப் பகுதி மிராசுதாரர்கள் அவருடைய தீர்வையை எதிர்த்தார்கள். பயிரை அப்படியே விட்டுவிட்டு ஊரிலிருந்து வெளியேறினார்கள். சென்னை அரசுக்கு மனு எழுதினார்கள். கம்பெனியிடம் பீரங்கி இருந்தது, உடன்படிக்கை இருந்தது, பாதுஷாவின் சன்னது இருந்தது. உழ மாட்டோம் என்று நடந்துபோகிற குடியானவர்களுக்கு எதிராக அவை மூன்றும் உடனே உதவவில்லை. ஒரு நூறு ஆண்டுகளுக்கு முன்பு லிங்கப்பா கையிலிருந்த அதே ஆயுதம், நெல்லை நிறுத்தும் ஆயுதம், இப்போது அதே பூந்தமல்லியின் குடியானவர்கள் கையில். இந்த மனுவைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியாவது வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிளேஸ் பணிந்துவிடவில்லை. மறுப்பவர்களுக்குப் பதில் வேறு ஆட்களை நிலத்தில் உட்கார வைக்கும் வழிகளைத் தேடினார். மிராசு என்றால் என்ன, அது சொத்தா, பங்கா, பரம்பரை உரிமையா என்ற கேள்வி அதற்குப் பின் கம்பெனியை விடாமல் துரத்தியது. 1810-களில் எல்லிஸ் துரை தொண்டைமண்டலத்து மிராசைப் பற்றித் தனி நூலே எழுதினார். வள்ளுவர் உருவம் பொறித்த காசை வெளியிட்டவர் என்று நாம் கொண்டாடும் அதே எல்லிஸ்.

காணியே இல்லாதவர்களின் கேள்வி எழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசாகக் கிடக்கும் நிலத்தைக்கூட அவர்கள் பெற முடியாமல் மிராசு உரிமை எப்படிக் குறுக்கே நிற்கிறது என்று அதில் விரிவாகக் காட்டினார். அவர்களுக்கு நிலம் ஒதுக்க 1892-ல் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் சொல்லின் பின்னால் இருப்பது அந்த ஆணை. அந்த நிலத்தை யார் யாரோ வளைத்துப்போட்டார்கள், மீட்க வேண்டும் என்ற போராட்டம் இன்றும் இந்த மாவட்டங்களில் நடக்கிறது.

திருவேற்காட்டின் தெருக்களில் நடக்கும்போது மனை விலைப் பலகைகளே கண்ணில் படுகின்றன. ஏரியில் ஆக்கிரமிப்பு, இடிப்பு, மறியல் என்று செய்தி வந்துகொண்டிருக்கிறது. பூந்தமல்லியில் படைவீரர்கள் தங்கிய இடத்தை இன்றும் கன்டோன்மென்ட் என்றே சொல்கிறார்கள். மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் பூந்தமல்லி வரை நிற்கின்றன. 11-வது விதியில் பெயர் எழுதப்பட்ட முகமது அலியின் வழிவந்தவர்கள் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டத்தோடு ராயப்பேட்டை அமீர் மகாலில் இருக்கிறார்கள்.

பர்னார்டு காலத்துக் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அறிஞர்கள் சிலர் சில ஊர்களின் கணக்கைப் படித்து நூலாக்கியிருக்கிறார்கள். பூந்தமல்லி வட்டாரத்து ஊர்களின் ஓலைகள் அனைத்தும் அச்சாகி, இங்குள்ள ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடி எடுக்கட்டும். கோயிலுக்கு எத்தனை கலம், உபாத்தியாயருக்கு எத்தனை மரக்கால், ஏரிக்கரைக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, சேரிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.